குழிக்குக் காவல்

அக்கா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் இல்லை, வாசலிலும் இல்லை, நட்ட நடுத்தெருவில். பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் அந்தக் குழி. குழியைச் சுற்றி நாலு செங்கல்லும் ஒரு உடைந்த வாளியும் வைத்து வேலி கட்டியிருந்தாள். வருகிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் கையைக் காட்டி, "அந்தப் பக்கமா போங்க, அந்தப் பக்கமா போங்க" என்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

இதே அக்காதான் இந்தக் குழியை அடைக்கச் சொல்லி ஒரு வருஷமாக வீட்டை இரண்டாக்கியவள். இன்றைக்கு அதை யாராவது அடைத்துத் தொலைத்துவிடக் கூடாதே என்று காவல் காக்கிறாள். இப்படியும் ஒரு கூத்து நடக்கும் என்று யார் கண்டார்கள்?

அவளுடைய தம்பிக்குச் சாலைப் பிரிவில் ஆய்வாளர் வேலை. தெருவில் எத்தனை குழி, எவ்வளவு ஆழம், அடைத்தார்களா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் பிழைப்பு. அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். நாற்பதைத் தொடப்போகிறார், கல்யாணம் இன்னும் ஆனபாடில்லை. ஒரு தடவை சம்பந்தம் பேச வந்தவர்களின் கார் இந்தக் குழியில் இறங்கி, பெண்ணின் தகப்பனாருக்குத் தலையில் இடித்து, "சாலை ஆய்வாளர் வீட்டு வாசலே இப்படி இருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அன்றைக்கு ராத்திரி அக்கா தம்பிக்குச் சாப்பாடு போட்டாள், ஆனால் பேசவில்லை.

சிரிப்புக்கு இடமாக இருந்த குழி நாலு நாளைக்கு முன்னால் மழையில் பல்லைக் காட்டிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் கடைகளுக்குச் சரக்குப் போடும் சின்ன வேன் ஓட்டுகிறவர். சொந்தத் தெரு, தெரிந்த குழி, கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போகக்கூடியவர். அன்றைக்கு அவர் வழக்கமாக ஒதுங்குகிற பக்கத்தில் தையல்கடைக்காரர் சைக்கிளில் வந்தார். அவரைத் தவிர்க்க வண்டியை இந்தப் பக்கம் இழுத்தார். தண்ணீர் நிறைந்திருந்த குழியில் சக்கரம் இறங்கியது. வண்டி ஆடி, யாரைத் தவிர்க்கப் பார்த்தாரோ அவர் மேலேயே சரிந்தது. தையல்கடைக்காரருக்குக் கால் முறிந்தது. அத்தானுக்குக் கை பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது. கவனமில்லாமல் ஓட்டினார் என்று வழக்கு. வேனைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள், லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அக்கா குழியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், விபத்தை விசாரிக்கிற வாகன அதிகாரியிடம் காட்டினாள். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் விவரமானவர். "எந்தத் தெருக் குழியோம்மா, படத்துல எப்படித் தெரியும்? நானே நேர்ல வந்து பார்க்கறேன். குழி இருந்தா வழக்கே வேற. உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்லைன்னு எழுதிடலாம். சாலைப் பிரிவையும் கேட்கணும்" என்றார். இன்றைக்கு மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் நாற்காலி.

அத்தானுக்கு வேன் ஒன்றுதான் தொழில், வேறொன்றும் தெரியாது. லைசென்ஸ் போனால் குடும்பமே உட்கார வேண்டியதுதான். குழி பிழைத்தால் அவர் பிழைத்தார். விஷயம் அவ்வளவுதான்.

இனி தம்பியின் பக்கத்துக்கு வருவோம். அங்கேதான் வயிற்றெரிச்சல்.

சாலைப் பராமரிப்பு நிதி என்று ஒன்று மேலிடத்திலிருந்து வரும். எப்போது வரும்? வருஷம் முழுக்க வருது, வருது என்பார்கள். குழிகள் வளரும், மனுஷர்கள் விழுவார்கள், நிதி மட்டும் வராது. கணக்கை மூடுகிற கடைசி மாசத்தில் திடீரென்று கதவைத் தட்டும். மாசம் முடிவதற்குள் செலவு செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். போனாலும் பரவாயில்லை, போன வருஷமே உங்களுக்குச் செலவழிக்கத் துப்பில்லையே என்று அடுத்த வருஷம் பாதியாகக் குறைப்பார்கள். ஊரிலுள்ள அத்தனை குழியையும் அந்தக் கொஞ்ச நாளில் அடைக்க எந்த மகாராஜனால் முடியும்?

அதனால் அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம். முதலில் முடித்துவிடுவார்கள், பிறகு வேலையைத் தொடங்குவார்கள். "குழி அடைக்கப்பட்டது" என்று எழுதி நிதியைப் பிடித்து ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவது, அவர் அடுத்த ஒன்றிரண்டு மாசத்தில் ஒவ்வொரு தெருவாகப் போய் அடைத்துவிடுவது. இதைத் திருட்டு என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. நிதியைத் திரும்பிப் போகவிடுகிறவன்தான் கையாலாகாதவன்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. குழி அடைத்தால் பக்கத்திலேயே வெள்ளைப் பெயின்டால் அன்றைய தேதியும் ஆய்வாளரின் சுருக்கக் கையெழுத்தும் எழுத வேண்டும். அதைப் படம் எடுத்து வைத்தால்தான் பில் நகரும். அடைக்காத குழிக்குப் படத்துக்கு எங்கே போவது? அடைத்த ஏதாவது ஒரு குழியின் படத்தை வைத்துவிடுவார்கள். படத்தில் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? பெயின்டும் வண்டிகள் ஏறி ஏறி, மழையில் நனைந்து, கொஞ்ச காலத்தில் அழிந்துபோகும்.

போன வருஷக் கடைசியில் நம் ஆய்வாளர், அக்காவின் நச்சரிப்பு தாங்காமல், சொந்தத் தெருவையும் அந்த "அடைக்கப்பட்டது" கணக்கில் நுழைத்துவிட்டார். நுழைத்தபோது மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அக்காவுக்கு என்று வாழ்க்கையில் ஒன்று செய்தோம் என்று நினைத்துக்கொண்டார். மனுஷனுக்குக் கெட்ட நேரம் நல்ல எண்ணத்தில்தான் புறப்பட்டு வரும் போலிருக்கிறது.

ஒப்பந்தக்காரருக்கு அலுவலகத்தில் தாராளம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "தாராளமா பண்ணிடலாம்" என்பார், செய்வதில் மட்டும் தாராளம் கிடையாது. மழை வந்தது, பிறகு தார்க் கலவை போடும் இடத்தை மூடினார்கள், பிறகு அவருக்கு எங்கேயோ பெரிய சாலை வேலை கிடைத்தது. மற்ற தெருக்களை எப்படியோ முடித்தார், இது மட்டும் விட்டுப்போயிற்று. புதிதாக நிதி கேட்கவும் வழியில்லை. அடைத்ததாக எழுதிய குழிக்கு மறுபடி நிதி கேட்டால் தணிக்கைக்காரர் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிடுவார். ஆக, காகிதத்தில் இல்லாத குழி, தெருவில் மட்டும் இருந்தது. அக்கா கேட்கும்போதெல்லாம் ஆய்வாளர் "ஃபண்டு வரலைக்கா" என்று மென்று விழுங்கினார். ஆரம்பத்தில் அது பொய்யாக இருந்தது, போகப் போக அவருக்கே பழகிவிட்டது.

இன்றைக்குக் காலையில் பொறியாளர் கூப்பிட்டார். அறையில் தாராளமும் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியது, மேசைக் காகிதங்களின் மேல் வெயிட்டுக்குக் கட்டுக்கொரு ஜல்லிக்கல் வைத்திருந்தார்கள்.

"அந்த வாகன ஆபிசர் மதியத்துக்கு மேல வர்றார். அதுக்குள்ள குழியை மூடிடுங்க" என்றார் பொறியாளர், தண்ணீர் குடிக்கச் சொல்வது போல.

"சார், அங்க எங்க அக்கா உட்கார்ந்திருக்காங்க."

"தெரியும். அதான் உங்களையே அனுப்புறேன். வேற யார் போனாலும் அந்தம்மா எழுந்திரிக்க மாட்டாங்க."

ஆய்வாளர் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்து வைத்திருந்த ஒரே வழியை எடுத்துவிட்டார். "அடைச்சோம், மழையில பெயர்ந்துடுச்சுன்னு எழுதிட்டா என்ன சார்? குழியும் இருந்ததா ஆகும், நம்ம எழுத்தும் நிக்கும்."

தாராளம் சிரித்தார். "தாராளமா எழுதலாம். ஆனா பெயர்ந்துச்சுன்னா வேலை மோசம்னு பழி என் தலையில. ஒருத்தருக்குக் கால் போயிருக்கு, சும்மா விடுவாங்களா? அப்ப நான் போடவே இல்லையே, போடாதது எப்படிப் பெயரும்னு சொல்ல வேண்டி வரும். போடாத வேலைக்கு அளவு எடுத்தது யாரு, கையெழுத்து யாருதுன்னு அடுத்து கேப்பாங்க. நமக்குள்ள எதுக்கு சார் அந்த வம்பு? போனா மூணு பேரும் ஒண்ணாத்தான் போவோம்."

"எங்க அத்தான் லைசென்ஸ் போயிடுமே சார்."

"கொஞ்ச காலம் போகும், அப்புறம் வரும்" என்றார் பொறியாளர். "உங்க வேலை போனா வராது. வேலை போறதோட நிக்கவும் நிக்காது. யோசிச்சுப் பாருங்க, இப்ப நாம தப்பா எதுவும் பண்ணலை. போன வருஷம் அடைச்சோம்னு எழுதினோம், இப்ப அடைக்கறோம். எழுதினது உண்மையாயிடுது. மேல தூசியை நல்லா வாரிக் கொட்டி நாலு தடவை லாரியை ஏத்தி இறக்குங்க, பழசு மாதிரி ஆயிடும். ஆபிசர் கேட்டா சாலை நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. லாரி கீழ நிக்குது."

ஆய்வாளர் படியிறங்கினார். முடியாது என்றால் ஜெயில், சரி என்றால் அக்கா. லாரியில் ஏறி உட்கார்ந்தபோது, அவர் வேலைக்குத் தேர்வு எழுதிய நாளில் அத்தான் பாதிச் சரக்கை நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு அதே வேனில் அவரைக் கொண்டுபோய் விட்டது ஞாபகம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? லாரி போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அக்கா விட மாட்டாள். கத்துவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள், தெருவையே கூட்டுவாள். "அந்தம்மா விடலை சார்" என்று திரும்பிப் போய்விடலாம். வழியெல்லாம் அக்காவின் சண்டைக்காக வேண்டிக்கொண்டே வந்தார்.

லாரியைப் பார்த்ததும் அக்கா நாற்காலியை இன்னும் குழி ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், முகம் வெயிலில் கன்றியிருந்தது.

"யாரு அனுப்பினா உங்களை? என் தம்பி இந்த ஆபிஸ்லதான் இருக்கான், தெரியுமில்ல?" என்று டிரைவரிடம் ஆரம்பித்தவள், மறுபக்கக் கதவிலிருந்து தம்பியே இறங்குவதைப் பார்த்து நிறுத்தினாள். "என்னடா, நீயேவா கூட்டிட்டு வந்தே?"

"ஆமாக்கா. குழியை மூடச் சொல்லி உத்தரவு."

"ஒரு வருஷமா வராத உத்தரவு இன்னைக்குன்னு பார்த்து வந்துச்சா?"

"ஃபண்டு இப்பதான்கா வந்துச்சு."

"கரெக்டா வந்திருக்கு பாரு. அந்த ஆபிசர் வந்து பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் மூடு. ஒரு வருஷம் திறந்து கிடந்தது, ஒரு மத்தியானம் கிடந்தா கெட்டா போயிடும்?"

"இப்பவே மூடணும்கா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். லாரியில் வந்த மேஸ்திரியம்மா தாரை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"மூடிட்டா அவர் எதைப் பார்ப்பாரு?"

"நான் சொல்றேன்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்ன சொல்லுவே?"

"குழி இருந்துச்சுன்னு."

கத்துவாள் என்று காத்திருந்தார். அக்கா கத்தவில்லை. முகம் அப்படியே இளகிப்போயிற்று. "அதைச் சொல்றதுக்கென்னடா? நீ வந்து சொல்றேன்னா எனக்கு எதுக்கு இந்த வெயில்ல உட்கார்ற வேலை? குழிக்கா வாய் இருக்கு. ரோட்டு ஆபிஸ்காரனே சொன்னா அதுக்கு மேல என்ன வேணும்?" என்று எழுந்து, செங்கல்லை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளி, வாளியை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். "ஆளுங்களுக்குத் தண்ணி கொண்டாரேன், நீ வேலையைப் பாரு."

ஒரு வசவு வாங்கியிருந்தால் ஆய்வாளர் தப்பித்திருப்பார். அக்கா நம்பிவிட்டாள்.

வேலை ஆரம்பித்தது. தண்ணீரை இறைத்தார்கள். சேற்றை வாரி, கடப்பாரையால் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, பெருக்கி, அடியில் ஜல்லி போட்டு, தார் தெளித்துக் கலவையைக் கொட்டினார்கள். மேஸ்திரியம்மா திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். ஒரு வருஷம் நின்று வளர்ந்த குழி, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காணாமல் போயிற்று. இவ்வளவுதானா என்று ஆய்வாளருக்குத் தோன்றியது. இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை பேர் இத்தனை பொய் சொன்னோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

போன் அடித்தது. பொறியாளர். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டார்.

"எந்த அளவுல இருக்கு?"

"கலவை போட்டாச்சு சார்."

"தூசி?"

"இப்பப் போடணும் சார்."

"லாரியை ஏத்தி இறக்கச் சொல்லுங்க. புதுசு மாதிரி ஒரு அடையாளம் இருக்கக் கூடாது, புரியுதா?"

"புரியுது சார், புரியுது சார்."

மேஸ்திரியம்மா எத்தனையோ வருஷமாகச் செய்வதைச் செய்தாள். பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் அவர் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் எத்தனையோ வருஷமாகச் செய்வதைச் செய்தார். "புரியுது சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்து, புதுத் தாருக்குப் பக்கத்தில் பழைய சாலையின் மேல் தேதியை எழுதினார். இன்றைய தேதி. கீழே வால் நீண்ட சுருக்கக் கையெழுத்து. அழகாகக்கூட எழுதினார், பழகின கை இல்லையா? போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்த பிறகுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது.

மூடியது இன்றைக்கு என்று தெருவே சாட்சி சொல்கிறது. போன வருஷம் மூடியதாக அலுவலகத்தில் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் கீழே ஒரே வால்.

"டீசல் துணி இருக்கா?" என்று மேஸ்திரியம்மாவிடம் கேட்டார்.

"ஏன் சார், தேதி தப்பா?"

"ஆமா. துணியைக் குடு."

"ஈரம்தான், இப்பத் துடைச்சா போயிடும்" என்று அவள் கொடுத்தாள்.

அவர் மண்டியிட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா குடத்தையும் டம்ளர்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் தாரைப் பார்த்தாள், பெயின்ட்டைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். உரக்க ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

"இன்னைக்குத் தேதிடா இது."

அவர் துணியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார்.

"கீழ இருக்கறது உன் கையெழுத்துதானே? இன்னைக்கு வரைக்கும் குழி இருந்துச்சு, இன்னைக்குத்தான் மூடினோம்னு எழுதி வெச்சிருக்கே." அக்காவின் கண் கலங்கிவிட்டது. "வாயில சொன்னா மாத்திப் பேசிட்டான்னு எவனாவது சொல்லுவான்னு, ரோட்டுலயே எழுதிட்டியாடா?" வீட்டுப் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இங்க வந்து பாருங்களேன். என் தம்பி என்ன பண்ணியிருக்கான்னு வந்து பாருங்க."

அத்தான் கட்டுப் போட்ட கையோடு மெதுவாக வந்தார். அதிகம் பேசாத மனுஷர். தேதியைப் பார்த்தார். மண்டியிட்டிருந்த மைத்துனரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த துணியையும் பார்த்தார். வண்டி ஓட்டுகிறவருக்கு டீசல் வாடை தெரியாதா?

"துணி எதுக்கு மாப்ளே?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கை துடைக்க அத்தான்" என்றார் ஆய்வாளர். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்ட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். விரல் சிவக்கும் வரை துடைத்துவிட்டு, துணியை லாரிப் பக்கம் போட்டார்.

அத்தான் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடியில் பாரம் இருந்தது.

லாரி டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "சார், நாலு தடவை ஏத்தி இறக்கச் சொன்னாங்களே. தூசியும் இருக்கு."

"ஒரு சக்கரம் ஏறக் கூடாது" என்றாள் அக்கா. வீட்டுக்குள் போனாள், அதே பச்சை நாற்காலியோடு திரும்பி வந்தாள். வெள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் போட்டாள். நாலு செங்கல்லையும் உடைந்த வாளியையும் தேதியைச் சுற்றி மறுபடி வேலி கட்டினாள். உட்கார்ந்தாள். "அவர் வந்து பார்க்கற வரைக்கும் நான் நகர மாட்டேன். நீ போடா, போய் வேலையைப் பாரு. வெயில்ல நிக்காதே, நான் பார்த்துக்கறேன்."

எங்கே போவது? மறுபடி போன் அடித்தது.

"முடிஞ்சுதா?" என்றார் பொறியாளர்.

"முடிஞ்சுது சார்."

"அடையாளம் ஒண்ணும் இல்லையே?"

ஆய்வாளர் நாற்காலியைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். இப்படி அவள் சிரித்து ஒரு வருஷம் இருக்கும். அவர் பதில் சொல்லாமல் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அத்தானுக்குப் பக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்தார். பயம் போகவில்லை. எழுந்து ஓட மட்டும் தோன்றவில்லை.

தெருமுனையில் ஒரு ஜீப் திரும்பியது. அக்கா எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையை உயர்த்திக் காட்டினாள்.

"இந்தப் பக்கமா வாங்க சார், இந்தப் பக்கமா வாங்க."